இன்மைக்குச் சான்று: மூளைச்சாவும் வளைகுடாவின் மார்க்கத் தீர்ப்புகளும்

மூளையின் மின்செயல் அடங்கிவிட்டதா என்று பார்க்கும் இ.இ.ஜி. கருவி, மூளையைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன்னர், தலைத்தோலில் ஒட்டப்பட்ட ஒவ்வொரு மின்முனைக்கும் உடம்புக்கும் இடையே எவ்வளவு மின்தடை இருக்கிறது என்பதை அளக்கிறது. இந்த முதல் அளவு நோயாளியின் நிலையைக் காட்டுவதற்காக எடுக்கப்படுவதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும் தகுதி கருவிக்கு இருக்கிறதா என்று காட்டுவதற்காகவே எடுக்கப்படுகிறது. அந்தத் தகுதி நிறுவப்பட்ட பிறகு முப்பது நிமிடம் வரைவு ஓடி, அதில் அலை எதுவும் எழவில்லை என்றால், அங்கே மூளையின் செயல் இல்லை என்று சொல்லலாமா, மூளையின் செயல் இல்லை என்பதால் உயிர் இல்லை என்று சொல்லலாமா, உயிர் இல்லை என்பதால் அம்மனிதருக்குரிய சொத்தும் மணவுறவும் உறுப்புகளும் இறந்தவருக்குரிய விதிகளுக்கு உட்படுமா என்று மூன்று கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. முதல் கேள்வி மருத்துவத்துக்குரியது, இரண்டாவது தத்துவத்துக்குரியது, மூன்றாவது சட்டத்துக்குரியது. வளைகுடா நாடுகளில் இம்மூன்றும் ஒரே மேசைமீது ஒன்றாக வைக்கப்பட்ட காலம் 1980கள். அப்போது நடந்த விவாதம் இந்திய அளவைநூல் மரபில் வந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

உயிருள்ள திசுவின் மின்தடை என்பது செம்புக் கம்பியின் தடையைப் போல ஒரே எண்ணாக நிற்பதில்லை. திசுவுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை உப்புநீரில் கரைந்த அயனிகள். உயிரணுக்களின் மெல்லிய சவ்வோ மின்சாரத்தை எளிதில் கடக்கவிடாமல் தேக்கிவைக்கும் இயல்புடையது. ஆகவே செலுத்தப்படும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தடையும் மாறுகிறது. அதிர்வெண்ணைச் சார்ந்த இத்தடை மின்மறிப்பு எனப்படும். நேர்மின்னோட்டத்தைக் கொண்டு அளந்தால் மின்முனையின் பரப்பில் அயனிகள் திரண்டு அளவைக் கெடுத்துவிடும் என்பதனால், தரவு திரட்டும் கருவிகள் மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஒன்றைத் தோலுக்குள் செலுத்தி, அதற்கு எழும் மின்னழுத்தத்தைக் கொண்டு மறிப்பைக் கணக்கிடுகின்றன. தலையில் இந்த ஓட்டத்தை மிகுதியாகத் தடுப்பது தோலின் மேற்பரப்பிலுள்ள உலர்ந்த செதில் அடுக்கு. அதற்கு அடுத்ததாக மண்டையோடு. மூளைத்திசுவும் அதைச் சூழ்ந்த தண்டுவட நீரும் மின்னை எளிதாகக் கடத்துகின்றன, எலும்பு கடத்துவதில்லை. அதனால் மூளையின் மேற்பரப்பில் எழும் அலை தலைத்தோலை வந்தடைவதற்குள் மிகவும் மெலிந்துவிடுகிறது. விழித்திருக்கும் மனிதரின் தலைத்தோலிலேயே அது சில பத்து மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு, என்ற அளவில்தான் கிடைக்கிறது. இதைப் பெருக்கி, நொடிக்கு இருநூறு முறைக்குக் குறையாமல் எண்களாக மாற்றிப் பதிவதே இ.இ.ஜி.யின் வேலை.

மூளைச்சாவு ஐயத்தில் எடுக்கப்படும் வரைவுக்கு அமெரிக்க மருத்துவ நரம்பியங்கியல் கழகம் வகுத்த குறைந்தபட்ச விதிகள் உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. குறைந்தது எட்டு மின்முனைகள் தலையில் இருக்க வேண்டும். இணையாகக் கொள்ளப்படும் இரு முனைகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உயரம் இரண்டு மைக்ரோவோல்ட்டைக் குறிக்கும் அளவுக்கு வரைவின் கூர்மையை உயர்த்தி முப்பது நிமிடம் பதிய வேண்டும். இடையில் உரத்த ஒலி, ஒளி, வலி ஆகியவற்றால் தூண்டிப் பார்க்க வேண்டும். இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு: மின்முனைகளின் மறிப்பு பத்தாயிரம் ஓமுக்குக் கீழும் நூறு ஓமுக்கு மேலும் இருக்க வேண்டும்.

இவ்விதியின் மேல் எல்லையைப் புரிந்துகொள்வது கடினமன்று. குளிரூட்டப்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவின் உலர்ந்த காற்றில் பல நாள் கிடந்த உடம்பின் தோல் வறண்டிருக்கும். அதைச் சொரசொரப்பான பசையால் மெல்லத் தேய்த்து, கடத்தும் பசையை இட்டு மின்முனையைப் பதிக்காவிட்டால் மறிப்பு ஏறிவிடும். ஏறினால், அருகிலுள்ள வென்டிலேட்டரின் அதிர்வும் சொட்டுமருந்துக் குழாயின் மின்னூட்டமும் சுவரிலுள்ள மின்சாரக் கம்பியின் ரீங்காரமும் வரைவுக்குள் புகுந்துவிடும். (சவூதி அரேபியாவின் மின்சாரம் நொடிக்கு அறுபது சுற்று, மற்ற வளைகுடா நாடுகளினது ஐம்பது சுற்று என்பதால், இந்த ரீங்காரத்தை நீக்கும் வடிகட்டியை நாட்டுக்கு ஏற்ப மாற்றிவைக்க வேண்டியிருக்கிறது.) சிந்திக்க வைப்பது கீழ் எல்லை. தடை குறைவாக இருப்பது நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் பசையைத் தாராளமாக அப்பிவிட்டால் அது தலைமுடியினூடே வழிந்து அடுத்த மின்முனையைத் தொட்டுவிடும். இரு முனைகளும் ஒரே குட்டையில் நிற்பதால் அவற்றுக்கிடையே அழுத்த வேறுபாடே தோன்றாது. கீழே மூளை முழு விழிப்பில் இருந்தாலும் திரையில் நேர்கோடு ஓடும். அக்கோடு மூளையின் அமைதியைக் காட்டுவதில்லை, பசையின் பிழையைக் காட்டுகிறது. மறிப்பு நூறு ஓமுக்குக் கீழே இறங்கியிருப்பது ஒன்றுதான் அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். இது போதாதென்று, பதிவு நடக்கும்போதே தொழில்நுட்பர் ஒவ்வொரு மின்முனையையும் பென்சில் முனையால் தொட்டு, அந்தத் தொடுகை அதற்குரிய வரியில் குதித்து எழுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் விதி. தொடர்பு அறுந்த தொலைபேசியில் பதில் வராததைக் கொண்டு மறுமுனையில் ஆளில்லை என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. இவ்விதிகள் அத்தனையும் அந்த எளிய எச்சரிக்கையின் விரிவே.

எதிர்ப்பிழைக்கும் சான்று உண்டு. 1970களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஏட்ரியன் அப்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் எலுமிச்சைச் சுவையூட்டிய ஜெல்லிக் கட்டி ஒன்றில் மின்முனைகளைப் பொருத்தித் தீவிர சிகிச்சைப் பிரிவில் இ.இ.ஜி. எடுத்தார், சுற்றியிருந்த கருவிகளின் குறுக்கீட்டால் அந்த வரைவில் உயிருள்ள மூளையின் அலைகள் போன்றவை தெரிந்தன. உயிரற்ற ஜெல்லியில் அலை எழுவதும், உயிருள்ள தலையில் நேர்கோடு ஓடுவதும் இரண்டுமே நிகழக்கூடியவை என்றால், வரைவு தானாக எதையும் சான்றளிப்பதில்லை. எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்புதான் அதைச் சான்றாக்குகிறது.

இந்த இடத்தில் இந்தியத் தத்துவ மரபுகள் நீண்டகாலம் வாதிட்ட ஒரு பொருள் உதவிக்கு வருகிறது. ஒன்று இல்லை என்பதை மனிதர் எவ்வாறு அறிகின்றனர்? மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. அளவை என்பது அறிவுக்கு வாயிலாகும் கருவி, அபாவம் என்பது இன்மையை அறியும் வாயில். சிவஞான சித்தியாரில் அருள்நந்தி சிவாசாரியார் அபாவத்தைப் பிறர் கொள்ளும் அளவைகளோடு எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறார். ஏழாம் நூற்றாண்டின் மீமாஞ்சகரான குமாரிலபட்டரும் அவரைப் பின்பற்றிய அத்துவைதிகளும் அனுபலப்தி, அதாவது புலப்படாமை, தனியான ஓர் அளவையே என்றனர். தனி அளவையா இல்லையா என்பதில் மாறுபட்டவர்களும் ஒரு நிபந்தனையில் ஏறத்தாழ ஒன்றுபட்டனர்: எல்லாப் புலப்படாமையும் இன்மையை நிறுவிவிடாது, பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற தகுதியுள்ள சூழலில் நேர்ந்த புலப்படாமைதான் இன்மையை நிறுவும். வெளிச்சமுள்ள தரையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை என்பது அறிவு. இருட்டறையில் காணப்படாவிட்டால் அது வெறும் அறியாமை. இத்தகுதிக்கு யோக்கியதை என்று பெயர். மின்முனையின் மறிப்பை நூறு ஓமுக்கும் பத்தாயிரம் ஓமுக்கும் இடையில் நிறுத்தும் விதி, இந்த யோக்கியதையை எண்ணாக எழுதிய விதி என்று சொல்வதில் மிகையில்லை. நியாய மரபினரான நையாயிகரும் மீமாஞ்சகரும் சொற்களால் வேலியிட்ட இடத்தில் பொறியியலாளர் ஓம் கணக்கால் வேலியிட்டிருக்கின்றனர்.

ஆனால் அதே மரபு இன்னொன்றையும் சொல்லிவைத்திருக்கிறது. அதைத்தான் மருத்துவமும் சமயமும் சந்திக்கும் இடத்தில் பலர் மறந்துவிடுகின்றனர். பௌத்த அளவைநூலாசிரியரான தர்மகீர்த்தி புலப்படாமையை இரண்டாகப் பகுத்தார். இயல்பிலேயே புலப்படக்கூடிய பொருள் புலப்படாதபோது அதன் இன்மை நிறுவப்படும். இயல்பிலேயே புலனுக்கு எட்டாத பொருள் புலப்படாதபோது ஐயம் மட்டுமே மிஞ்சும். பிந்தியதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு பிசாசு: அது கண்ணுக்குத் தெரியாதது என்று கொள்பவரிடம், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைக் காட்டி அது இல்லை என்று வாதிட முடியாது. ஆன்மா என்றும் உயிர் என்றும் ரூஹ் என்றும் சமயங்கள் கூறும் பொருள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மூளைப் புறணியின் மின்னலை புலப்படத்தக்கது. தகுதியுள்ள கருவியில் அது தோன்றாவிட்டால் புறணியின் செயல் இல்லை என்பது அறிவாகும். உயிரின் இன்மைக்கு அந்தக் கருவி சான்றாவதில்லை. எவ்வளவு நுட்பமான கருவியும் ஆவதற்கில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்து 1929இல் வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர், மனத்தின் ஆற்றலைப் பொருளுலகில் அளந்துவிட வேண்டும் என்ற வேட்கையோடுதான் அத்துறைக்கு வந்தார். அவர் கண்டுபிடித்தது மின்னலையை. தேடி வந்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை.

சைவ சித்தாந்தம் இதில் ஒரு படி மேலே செல்கிறது. உயிர் உடம்பில் இருக்கும்போதே அதன் கருவிகள் படிப்படியாக விலகும் ஐந்து நிலைகளை அது வகுக்கிறது. நனவில் முப்பத்தைந்து கருவிகள் தொழிற்படும், கனவில் இருபத்தைந்து, உறக்கத்தில் மூன்று, பேருறக்கத்தில் இரண்டு, உயிர்ப்படங்கல் எனப்படும் ஐந்தாம் நிலையில் புருடன் ஒன்றே, மூச்சும் அதனோடு இல்லை. இது கணக்கிட்ட உடலியல் என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. எனினும் கருவிகள் அனைத்தும் அடங்கிய நிலையிலும் உயிர் உடம்பில் இருக்கலாம் என்ற கருத்தைச் சித்தாந்தம் தன் அமைப்புக்குள்ளேயே ஏற்றிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. மறுபக்கம், சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா உயிர் வேறு மூச்சு வேறு என்பதற்கு உறக்கத்தையே சான்றாகக் கொள்கிறது: உறங்கும்போது மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் செயலும் இல்லை, ஆகவே மூச்சே உயிராக முடியாது. வென்டிலேட்டர் ஏற்றி இறக்கும் மார்பை முன்வைத்து உயிர் இருக்கிறது என்று வாதிடுபவருக்கு இந்நூற்பா தடை, இ.இ.ஜி.யின் நேர்கோட்டை முன்வைத்து உயிர் போய்விட்டது என்று வாதிடுபவருக்கு ஐந்து நிலைகளின் கொள்கை தடை. சித்தாந்தி இருவரையும் நிறுத்திவைக்கிறார்.

வளைகுடாவில் இக்கேள்வி நூலறைக்குள் எழவில்லை. எண்ணெய் வருவாயால் எழுந்த புதிய மருத்துவமனைகளில் வென்டிலேட்டர்கள் வந்தன. நெடுஞ்சாலைகளில் விபத்துகள் பெருகின. 1979இல் சவூதியிலும் குவைத்திலும் சிறுநீரக மாற்று அறுவை தொடங்கியது. இறந்தவரிடமிருந்து உறுப்பை எடுக்கலாம் என்று சவூதியின் மூத்த மார்க்க அறிஞர் அவை 1982இல் தன் 99ஆம் தீர்மானத்தால் இசைவளித்தது. இறந்தவர் என்று யாரைச் சொல்வது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை. குவைத்தின் வக்ஃப் அமைச்சகத்தைச் சார்ந்த ஃபத்வா குழு, கருவியின் உதவியாலேனும் இதயமும் மூச்சும் இயங்கும்வரை ஒருவரை இறந்தவர் என்று கொள்ள முடியாது என்று 1981இலேயே கூறியிருந்தது. ஃபத்வா என்பது கேட்கப்பட்ட கேள்விக்கு மார்க்க அறிஞர் தரும் தீர்ப்புரை. நீதிமன்ற ஆணை போல அது தானாகக் கட்டாயப்படுத்துவதில்லை.

அந்த மறுப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. இஸ்லாமியச் சட்டவியலாகிய ஃபிக்ஹின் தலையாய ஐந்து விதிகளுள் ஒன்று, உறுதியாக அறியப்பட்டது ஐயத்தால் நீங்காது என்பது. அதன் கிளையான இஸ்திஸ்ஹாப் என்னும் நெறி, முன்பு நிறுவப்பட்ட நிலை மாறியது என்பதற்கு உறுதியான சான்று வரும்வரை அந்நிலை தொடர்வதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. படுக்கையில் இருப்பவர் நேற்று உயிரோடிருந்தார் என்பது உறுதி. இன்று இல்லை என்பதற்குக் கிடைப்பது ஒரு கோடு. கோடு ஐயத்துக்கிடமானது என்றால், உயிர் தொடர்வதாகக் கொள்வதே சட்டத்தின் கடமை. குமாரிலர் கேட்ட யோக்கியதையும் இஸ்திஸ்ஹாபின் உறுதியும் வெவ்வேறு மொழிகளில் ஒரே சுமையை ஒரே தோளில் ஏற்றுகின்றன: இல்லை என்பவரே நிறுவ வேண்டும்.

1985 சனவரியில் மருத்துவ அறிவியலுக்கான இஸ்லாமிய அமைப்பு குவைத்தில் மனித உயிரின் தொடக்கமும் முடிவும் பற்றி ஓர் ஆய்வரங்கைக் கூட்டி, மருத்துவரையும் சட்ட அறிஞரையும் எதிரெதிரே அமர்த்தியது. உயிர் உடம்பைவிட்டு நீங்கும் கணத்தைக் கருவி காட்டுகிறது என்று அவ்வரங்கு கூற முயலவில்லை. பழைய சட்ட நூல்களில் இருந்த ஒரு பாகுபாட்டை அது எடுத்துக்கொண்டது. கழுத்து அறுபட்ட ஒருவர் சிறிது நேரம் துடிக்கும்போது அத்துடிப்பில் உணர்வோ விருப்பமோ இல்லை. அதை நிலைத்த உயிரின் அசைவாகக் கொள்ளாமல், அறுக்கப்பட்டதன் அசைவு என்று நூலோர் தனியாகப் பெயரிட்டிருந்தனர். அந்நிலையில் உள்ளவரைப் பற்றிய சில விதிகள் இறந்தவருக்குரியவையாக இருந்தன. மூளைத்தண்டின் செயல் உறுதியாக முடிந்துவிட்டவரை இதனோடு ஒப்பிட்டு, அவர் வாழ்வுக்குப் புறங்காட்டிவிட்டார், அவருக்கு இறப்பின் விதிகளுள் சிலவற்றைப் பொருத்தலாம், எஞ்சியவற்றை உடம்பின் முதன்மை உறுப்புகள் ஓயும்வரை தள்ளிவைக்கலாம் என்ற நிலையை அரங்கு எடுத்தது. அடுத்த ஆண்டு, 1986 அக்டோபரில், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் ஜோர்தானின் அம்மான் நகரில் கூடி இதைவிடத் துணிவான முடிவுக்கு வந்தது: இதயமும் மூச்சும் மீளாதபடி நின்றுவிட்டாலும், மூளையின் செயல்கள் அனைத்தும் மீளாதபடி முடிந்து மூளை சிதையத் தொடங்கிவிட்டது என்று வல்லுநர்கள் தீர்ப்பளித்தாலும், இரண்டில் எது நேர்ந்தாலும் அவர் சட்டப்படி இறந்தவரே, இறப்பின் விதிகள் அனைத்தும் அவருக்குப் பொருந்தும். 1987இல் மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் மன்றமோ பின்வாங்கியது. மூளையின் செயல் முற்றிலும் முடிந்தவரிடமிருந்து கருவிகளை அகற்றலாம் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் அகற்றிய பின் இதயமும் மூச்சும் முழுமையாக நிற்கும்வரை அவரை இறந்தவராகத் தீர்மானிக்கக் கூடாது என்றது.

ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு தீர்ப்புகள். மேலோட்டமாகப் பார்த்தால் குழப்பம். உண்மையில் அவை ஒரே கேள்விக்கு வந்த நான்கு விடைகளல்ல. எந்த விளைவுக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதே அவற்றின் உட்பொருள். இதற்கு ஃபிக்ஹுக்குள்ளேயே பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கடலுக்கோ வணிகத்துக்கோ போய்ச் செய்தி அற்றுப்போனவரை நூல்கள் மஃப்கூத் என்கின்றன. வளைகுடாக் கரையில் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்துவரும் மாலிக்கி நெறியில், அவருடைய மனைவி முறையிட்டால் காழி, அதாவது நீதிபதி, தேடச் செய்து நான்கு ஆண்டுகள் தவணை கொடுப்பார்; அதன் பின் அவள் கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா, அதாவது காத்திருப்புக் காலம், இருந்து மறுமணம் செய்துகொள்ளலாம். அவருடைய சொத்தையோ, அவர் வயதொத்தவர்கள் இறந்திருக்கக்கூடிய காலம் வரும்வரை பங்கிடுவதில்லை. மணவுறவுக்கு ஒரு தவணை, சொத்துக்கு வேறொரு தவணை! அவர் உண்மையில் இறந்த கணம் எது என்று காழி அறிவதில்லை, அறிந்ததாகப் பாவிப்பதும் இல்லை. தேடினோம், கிடைக்கவில்லை, இன்ன விளைவுக்கு இவ்வளவு தேடல் போதும் என்றே அவர் தீர்ப்பு எழுதுகிறார். மூளைச்சாவின் விவாதத்தில் இந்த முன்மாதிரிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 1985இன் குவைத் அரங்கும் 1987இன் மக்கா மன்றமும் இறப்பின் விளைவுகளைக் கூறுபோட்டது தயக்கத்தால் மட்டும் நிகழவில்லை; மஃப்கூதின் தர்க்கம் அவற்றின் அடியில் ஓடுகிறது.

திசுவின் தடையையே நேராக அளந்து இறப்பின் கணத்தைப் பிடித்துவிடலாமே என்று அறிவியல்மீது நம்பிக்கை மிகுந்தவர் கேட்கக்கூடும். அம்மான் தீர்மானம் மூளை சிதையத் தொடங்குவதைக் குறிப்பிடுவதால், இக்கேள்விக்கு ஒரு கவர்ச்சியும் இருக்கிறது. குருதியோட்டம் நின்ற சில நிமிடங்களில் மூளையின் உயிரணுக்கள் வெளியிலுள்ள நீரை உறிஞ்சி வீங்குகின்றன. அவற்றுக்கு இடையிலான உப்புநீர் வழிகள் குறுகுகின்றன. அதனால் தாழ்ந்த அதிர்வெண்ணில் அளக்கப்படும் மறிப்பு ஏறுகிறது. இதை விலங்குகளின் மூளையில் ஏ. வான் ஹாரவெல்ட் என்னும் உடலியலாளர் 1950களிலேயே அளந்து காட்டினார். நெடுநேரம் கழித்துச் சவ்வுகள் உடைந்ததும் மின்னோட்டத்துக்கு வழி திறந்து மறிப்பு மீண்டும் இறங்கும். ஏற்றமும் இறக்கமும் உண்மை. ஆனால் இரண்டுமே சரிவுகள். எந்த ஓம் எண்ணில் மனிதர் முடிந்தார் என்று அச்சரிவு சொல்வதில்லை. சட்டத்துக்கு வேண்டியதோ விளிம்பு: ஒரே விபத்தில் தந்தையும் மகனும் சிக்கினால், முன்னே இறந்தவர் யார் என்பதைப் பொறுத்துச் சொத்து வேறு கைக்குப் போகிறது. சரிவின்மேல் விளிம்பை இடுவது மனிதத் தீர்மானம். அளவீடு அதற்கு இடம் காட்டலாம், அதன் பொறுப்பை ஏற்க முடியாது.

தலைத்தோலின் இ.இ.ஜி.க்கு இன்னும் சில எல்லைகளும் உண்டு. அது புறணியைக் கேட்கிறது. ஆழத்திலுள்ள மூளைத்தண்டை அது கேட்பதில்லை. உறக்க மருந்தை அளவுமீறி உட்கொண்டவரிடமும் உடல் மிகவும் குளிர்ந்தவரிடமும் நேர்கோடு ஓடி, பின்னர் அவர் எழுந்து நடமாடலாம். மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்த 1968இன் ஹார்வர்டு குழுவே இவ்விரு நிலைகளையும் விலக்கிவைத்தது. அதனால்தான் எந்த நாட்டிலும் வரைவு தனித்து முடிவுசெய்வதில்லை. கண்மணியின் எதிர்வினை, இருமல் எதிர்வினை, வென்டிலேட்டரை நிறுத்தித் தானாக மூச்சு எழுகிறதா என்று பார்க்கும் சோதனை ஆகியவையே முதன்மையானவை. சவூதி நெறிமுறை இவற்றோடு கருவிவழி உறுதிப்பாட்டையும் கேட்கிறது. இந்தியச் சட்டம் நான்கு மருத்துவர் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிப்பதோடு நிறைவடைகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1993இலேயே வந்துவிட்டது என்றாலும், இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறும் வழி நெடுங்காலம் திறக்கவில்லை. 2016இன் 5ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டமும், இறப்பை உறுதிசெய்யும் அளவுகோல்களை வகுத்த 2017இன் அமைச்சக ஆணையும் அம்மான் தீர்மானம் காட்டிய வழியில் அதைத் திறந்தன. அவ்வாண்டிலேயே இறந்தவரிடமிருந்து பெற்ற உறுப்பு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. ஹயாத் என்னும் தேசியத் திட்டத்தில் குடிமக்களும் அங்கு வாழும் வெளிநாட்டவரும் தம் விருப்பத்தைப் பதியலாம். மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் வெளிநாட்டவராக இருக்கும் ஒரு நாட்டில், இந்தக் கேள்வி மார்க்க அறிஞர் மன்றங்களின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. துபாயின் மருத்துவமனையில் படுத்திருப்பவர் இராமநாதபுரத்துக்காரராக இருக்கலாம். இசைவைக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பைக் கமுதியில் ஒரு தாய் எடுக்கலாம்.

அந்தத் தாய்க்கு இந்து முறைப்படி ஆண்டுதோறும் திதி கொடுக்க வேண்டியிருக்கும். மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட நாளின் திதியா, இதயம் நின்ற நாளின் திதியா என்று அவள் புரோகிதரைக் கேட்டால் அவரிடம் உடனடி விடை இருப்பது அரிது. முஸ்லிம் குடும்பமானால் இத்தாவின் முதல் நாள் எது என்ற கேள்வி எழும். இந்தியச் சட்டமும் இதில் ஒருமைப்பட்டதாக இல்லை: 1994இன் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை இறப்பாக ஏற்கிறது, 1969இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிலையாக மறைவதையே இறப்பு என்கிறது. ஒரே மனிதர் ஒரு சட்டத்தின்கீழ் செவ்வாய்க்கிழமையும் மற்றொன்றின்கீழ் புதன்கிழமையும் இறக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மஃப்கூதின் மனைவிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் காழி வெவ்வேறு நாட்களைக் குறித்தது போன்றதே இது. வெட்கப்பட வேண்டியது, வெவ்வேறு தீர்ப்புகள் இருப்பதைக் குடும்பத்திடமிருந்து மறைத்து, உயிர் போய்விட்டது என்ற ஒற்றை வாக்கியத்துக்குக் கருவியின் அதிகாரத்தை இரவல் கொடுப்பது.

அம்மான் தீர்மானத்தின் வலிமை, ரூஹ் நீங்கியது என்று அது எங்கும் சொல்லாததில் இருக்கிறது. வல்லுநர் தீர்ப்பளித்தால் சட்டம் இவ்வாறு நடத்தும் என்பதோடு அது நின்றுகொள்கிறது. அதன் குறை, விளைவுகள் அனைத்தையும் ஒரே நொடியில் கட்டிவிட்டதில் இருக்கிறது. துடிக்கும் இதயத்தைத் தானமாகப் பெற வேண்டுமானால் அக்கட்டு தேவை என்பதை மறுக்க முடியாது, ஏனெனில் மக்கா மன்றத்தின் நெறியைக் கடைப்பிடிக்கும் நாட்டில் அத்தானம் நடைபெற வழியில்லை. ஆனால் தானம் இல்லாத இடத்தில், கருவியை அகற்றுவது மட்டுமே கேள்வியாக இருக்கும் பெரும்பாலான படுக்கைகளில், 1985இன் குவைத் அரங்கு எடுத்த படிநிலைதான் சான்றின் அளவுக்கு மேல் ஒன்றும் கூறாத நிலை, அதுவே ஏற்கத்தக்கது.

ஆகவே மருத்துவக் குழுவும் மார்க்கத் தீர்ப்பளிப்போரும் குடும்பத்திடம் பேசும்போது, இத்தீர்ப்பு எந்த விளைவுக்கு உரியது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: கருவியை அகற்றுவதற்கா, உறுப்பைப் பெறுவதற்கா, இத்தாவுக்கும் சொத்துக்கும் உரிய நாளைக் குறிப்பதற்கா. வளைகுடாவில் வாழும் தமிழர் தம் விருப்பத்தை ஹயாத்தில் பதிவதோ பதியாமல் விடுவதோ அவரவர் முடிவு. எந்த முடிவானாலும், அதை ஊரிலுள்ள வீட்டாருக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே சொல்லிவைத்துவிட வேண்டும்.